வாலுவுக்கு வராத கடிதங்கள்

ஜூன் 4

தம்பிக்கு,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரியும். நேற்று நான்கு தடவை அடித்துப் பார்த்தேன். நான்காவது தடவை மணி தானாக நிற்கவில்லை, நீ கட் செய்தாய். அந்த வித்தியாசம் கூடவா எனக்குத் தெரியாது? அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன்னால் நாலு வரியாவது கண்ணில் படும்.

உன் மகள் எனக்குப் போன் செய்தாள். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் இருப்பதற்கு அவள் என்ன செய்வாள்? என்னிடம் பேசாதே என்று நீ சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். அவளுக்கு வாலு என்று பெயர் வைத்ததே அதற்காகத்தானே. “அத்தை, நாலு முடிஞ்சு அஞ்சாவது மாசம்” என்றாள். அப்புறம் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்: “வயிறு இன்னும் வெளிய தெரியல, ஆனா எங்க வீட்டுக்கு மூணு மாடி ஏறுறதுக்குள்ள நாக்குத் தள்ளிடுது. ரெண்டாவது மாடியில நின்னுட்டுத்தான் போறேன். மூக்குல ரத்தம் வேற வாரத்துக்கு மூணு தடவை. உதடு நீலமா இருக்கு, நாவல்பழம் தின்னியான்னு இவர் கிண்டல் பண்றார்.”

நான் சிரிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், அப்பா மூளையில் சீழ் கட்டி இறந்த ஆறாவது மாதம், நம் மூன்று பேருடைய ரத்தத்தையும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். அவளுக்கு அப்போது இருபது வயது. ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க என்று அவளிடம் சொன்னாய். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அப்பாவுக்கு இருந்த கோளாறு உனக்கும் எனக்கும் அவளுக்கும் இருக்கிறது என்று முடிவு வந்தது. “கல்யாணம் ஆகட்டும்க்கா, அப்புறம் நானே சொல்றேன்” என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாய். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, இப்போதாவது சொல்லிவிடு என்றேன். கல்யாணத்துக்கே வராதே என்றாய். வரவில்லை. இரண்டு வருடம் ஓடிவிட்டது.

அவள் பேசியதிலிருந்து தெரிகிறது, நீ இன்னும் சொல்லவில்லை.

உடனே அவளுடைய நுரையீரலை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏன் என்று அவள் கேட்பாள். நீதான் சொல்ல வேண்டும். நான் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

கிழிக்கல. மொட்டை மாடியில லிப்ட் மோட்டார் ரூம்ல உக்காந்து ரெண்டு தடவை படிச்சேன். அங்கதான் சூப்பர்வைசர் ஏறி வர மாட்டார்.

மூக்குல ரத்தம் வந்தா ஆள் போயிடுவாங்கன்னா நான் இதுவரைக்கும் ஐந்நூறு தடவை போயிருக்கணும். சட்டைப் பையில ஸ்க்ரூடிரைவர் இருக்கோ இல்லையோ பஞ்சு இருக்கும். போன வாரம் கூட ஒரு கண்ணாடி லிப்டுக்குள்ள நின்னுட்டிருக்கும்போது கொட்டுச்சு. வெளிய நின்ன அம்மா ஒண்ணு அலறிடுச்சு. துடைச்சிட்டு வேலையைப் பாத்தேன். அம்பது வயசாச்சு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.

வயித்துல பிள்ளை இருக்கிற பொண்ணுக்கு மூச்சு வாங்காம உனக்கா வாங்கும்?

இந்த வரியை அடிச்சிடலாம்னு பாத்தேன். அடிச்சாலும் வெளிச்சத்துல காட்டிப் படிச்சிடுவ. இருக்கட்டும். பிள்ளை பெத்துக்காதவன்னு நான் சொல்ல வரல. அவ அம்மா பஸ் மோதிப் போனப்போ ஆறு வருஷம் அவளுக்குத் தலைவாரி விட்டவ நீதான். அதை மறந்துட்டுப் பேசுற ஆள் இல்ல நான்.

ஆனா உனக்கு அங்க தூரத்துல உக்காந்துட்டுச் சொல்றது சுலபம். சம்பந்தியம்மாவை உனக்குத் தெரியாது. முப்பது வருஷம் கோர்ட்டுல டைப்பிஸ்டா இருந்தவங்க. தும்மினாக் கூட எப்ப ஆரம்பிச்சதுன்னு கேப்பாங்க. கல்யாணம் ஆன முதல் மாசத்துல போயி, “உங்க மருமக உடம்புல ஒரு கோளாறு இருக்கு, எங்களுக்கு முன்னாடியே தெரியும்”னு நான் சொல்லியிருக்கணுமா? ரெண்டாவது மாசத்துலயா? எந்த மாசத்துலன்னு நீயே சொல்லு. நல்லா இருக்காங்க ரெண்டு பேரும். மாப்பிள்ளை தங்கமான பையன், கணக்கு வாத்தியார், அதிர்ந்து பேச மாட்டார். அந்த வீட்டுக்குள்ள நான் போயி நெருப்பள்ளிப் போடணுமா?

இனிமே இதைப் பத்தி எழுதாதே.

ஒண்ணு மட்டும் கேக்கிறேன். வயித்துல இருக்கிறதுக்கும் வருமா?

தம்பி

ஜூன் 15

தம்பிக்கு,

வரலாம். வராமலும் போகலாம். சரிபாதி வாய்ப்பு. அவளுக்கு நீ கொடுத்த மாதிரி, உனக்கு அப்பா கொடுத்த மாதிரி.

அன்றைக்கு நீ அழுதுகொண்டிருந்ததால் நான் ஒழுங்காக விளக்கிச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி. நீ கேபிளும் மோட்டாரும் புரிந்தவன், இதுவும் புரியும்.

ரத்தக் குழாயின் உள்சுவரில் செல்கள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் சில புரதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் மிதந்து வரும் வளர்ச்சிக் காரணிகளை அவைதான் பிடித்து, சேதியை உள்ளே அனுப்பும். சில காரணிகள் “வளரு, கிளை விடு” என்று சொல்லும். சில “போதும், அடங்கு” என்று சொல்லும். எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் பார்க்கும் புரதம், அந்தப் “போதும்” என்ற சேதியைப் பிடித்துக் கொடுப்பது. நம் குடும்பத்தில் அது பாதிதான் உருவாகிறது. வளரு என்பது முழுதாகக் கேட்கிறது, போதும் என்பது அரைகுறையாகக் கேட்கிறது. அவ்வளவுதான் கோளாறு. அதனால் சில இடங்களில் நடுவில் இருக்க வேண்டிய மெல்லிய வலையே இல்லாமல், பெரிய குழாய் பெரிய குழாயோடு நேராகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மூக்கில் அப்படி ஆனால் ரத்தம் கொட்டும், பஞ்சு வைத்தால் நிற்கும். நுரையீரலில் ஆனால் ரத்தம் காற்றைத் தொடாமலேயே கடந்து போகும். உதடு நீலமாவது அதனால்தான். அந்த வலைதான் கிருமியையும் வடிகட்டும். அப்பா பல் பிடுங்கிக்கொண்ட மூன்றாவது வாரம் மூளையில் சீழ் வைத்ததே, அந்தக் கிருமி தடுப்பார் இல்லாமல் நுரையீரலைத் தாண்டிப் போயிருக்கிறது. கர்ப்பத்தில் உடம்பில் ரத்தம் கூடும். அந்தக் குழாய்கள் ஊதும். வெடிக்கவும் வெடிக்கலாம்.

நான் விஞ்ஞானி இல்லை, செல் வளர்க்கிறவள். இருபத்தாறு வருடமாகத் தட்டுகளில் செல்களுக்குத் தீனி போடுகிறேன். அந்தப் புரதத்தைக் குறைத்த தட்டு ஒன்றும் குறைக்காத தட்டு ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே அளவு வளர்ச்சிக் காரணியைச் சொட்டு விடுவோம். நல்ல தட்டில் செல்கள் கைகோத்து வலை பின்னி, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். மற்றதில் நிற்காது. குழாய் வீங்கி, பக்கத்துக் குழாயோடு குழம்பிப் போகும். இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஒரு நாள் கருத்தரங்கில் திரையில் ஒரு நோயாளியின் வாயைக் காட்டினார்கள். உதடெல்லாம் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். அப்பாவுடைய வாய். எல்லாரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அப்பா இறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூடாது என்றிருந்தேன். கல்யாணத்துக்கு வராதே என்று நீ சொன்ன அதே வாரம் எனக்கு நுரையீரலில் கம்பிச்சுருள் வைத்தார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, ஊதிப்போன இடத்தில் சுருளை இறக்கி அடைத்துவிடுவார்கள். முழித்திருக்கும்போதே செய்தார்கள். கூட இருப்பவர் பெயரை எழுதும் இடத்தில் “யாருமில்லை” என்று எழுதினேன். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. கர்ப்பத்திலும் இதைச் செய்ய முடியும், அஞ்சாவது ஆறாவது மாதம்தான் அதற்கு நல்ல சமயம் என்று உனக்குத் தெரிய வேண்டும். ஸ்கேனுக்கும் பயப்படாதே, கதிர் அளவைக் குறைத்து, வயிற்றைப் பாதுகாத்து எடுப்பார்கள்.

இந்த மாதம் முப்பதாம் தேதி வரைக்கும் பார்ப்பேன். ஜூலை ஒன்றாம் தேதி நானே அவளிடம் சொல்லிவிடுவேன். சத்தியத்தை மீறியவள் என்று நீ சொல்லிக்கொள்.

அக்கா

ஜூன் 22

அக்கா,

யாருமில்லைன்னு எழுதினியா? நான் உயிரோடதானே இருந்தேன்?

சண்டை போட்டா என்ன, ஒரு போன் பண்ணியிருந்தா பந்தல்காரனை அப்படியே விட்டுட்டு வந்திருப்பேன். வந்திருப்பேனான்னு இப்ப யோசிச்சுப் பாக்கிறேன். வந்திருப்பேன். நம்பு.

ஞாயித்துக்கிழமை வாலு வீட்டுக்குப் போனேன். மிக்சி ரிப்பேர்னு சொன்னா, அதைச் சாக்கா வெச்சிட்டு. அவ கடைக்குப் போயிட்டு அப்பதான் வந்தா. வேணும்னே கூடவே படியேறினேன். முதல் மாடியில பேச்சை நிறுத்திட்டா. ரெண்டாவது மாடித் திருப்பத்துல கைப்பிடியைப் பிடிச்சுட்டு நின்னா. “ஒரு நிமிஷம்ப்பா, ஜன்னல்ல காத்து நல்லா வருது”ன்னா. ஜன்னல் சாத்தியிருந்தது. அவ கைப்பிடியில வெச்சிருந்த விரலைப் பாத்தேன். நுனியெல்லாம் சிவப்புப் புள்ளி. எத்தனை நாளா இருக்குன்னு கேட்டேன். “ஊசி குத்தினதுப்பா, பிள்ளைக்குச் சட்டை தைக்கிறேன்ல”ன்னா. நான் அப்பவே சொல்லியிருக்கலாம். அங்க நாங்க ரெண்டு பேர்தான். வாயைத் திறந்தேன். “சட்டையெல்லாம் கடையில வாங்கிக்கலாமே”ன்னு சொன்னேன்.

மேல போயி மிக்சியைக் கழட்டி மாட்டினேன். சம்பந்தியம்மா மகன் வீட்டுக்கு வந்திருந்தாங்க. “பொண்ணு வெளிறிப் போயிருக்கா, டாக்டர்கிட்ட கேட்டீங்களா?”ன்னு என்னைக் கேட்டாங்க. என்னை ஏன் கேக்கிறாங்க? தெரிஞ்சுதான் கேக்கிறாங்களோ? ஒரு நட்டு மிச்சம் விழுந்துடுச்சு. அது பையிலேயே இருக்கு. மிக்சி ஓடுது, எப்படின்னு தெரியல.

நீ சொன்னதெல்லாம் புரிஞ்சுது. போதும்கிறது காதுல விழல, அவ்வளவுதானே. எனக்கு இப்பப் பயமா இருக்கு. ஆனா எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உக்காந்து யோசிச்சா முதல் வார்த்தையே வர மாட்டேங்குது. முன்னாடியே தெரியும்னு ஆரம்பிச்சா ஏன் சொல்லலன்னு கேப்பா. இப்பத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லிடலாமா? வேண்டாம், நீ திட்டுவ.

நீ எழுதிக் குடு. என்ன சொல்லணுமோ அப்படியே எழுதி அனுப்பு. நான் மனப்பாடம் பண்ணிட்டுப் போய்ச் சொல்லிடறேன். ஸ்கூல்ல கூட நீ எழுதிக் குடுத்துத்தானே நான் மேடையேறினேன்.

தம்பி

ஜூன் 26

தம்பிக்கு,

இப்பத்தான் தெரிஞ்சுது என்று சொல்லாதே. ஒரு பொய்யைக் காப்பாற்ற இரண்டு பேர் இத்தனை வருடம் பட்டது போதும்.

இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று டாக்டருக்கு, ஆங்கிலத்தில், நம் மூன்று பேருடைய பரிசோதனை முடிவோடு. மற்றது நீ சொல்ல வேண்டியது:

“வாலு, நம்ம குடும்பத்துல எச்.எச்.டி.ன்னு ஒரு ரத்தக் குழாய்க் கோளாறு இருக்கு. தாத்தா அதுலதான் போனார். எனக்கு இருக்கு, அத்தைக்கு இருக்கு, உனக்கும் இருக்கு. மூணு வருஷமா எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். உன்கிட்ட மறைச்சுட்டோம். அது தப்பு. உன் நுரையீரலை உடனே ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். பாத்தா சரி பண்ண வழி இருக்கு.”

இவ்வளவுதான். முன்னாலும் பின்னாலும் எதுவும் சேர்க்காதே. அவள் அழுதால் அழட்டும், கோபப்பட்டால் படட்டும், நீ எழுந்து மிக்சியைக் கழற்றப் போகாதே.

இடையில் இருமலில் ரத்தம் வந்தாலோ மயங்கினாலோ நேரே பெரிய ஆஸ்பத்திரி. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி எதையும் இந்தத் தாளைக் காட்டாமல் போட விடாதே. கையில் சலைன் ஏற்றினால் குழாயில் ஒரு காற்றுக் குமிழி கூட உள்ளே போகக் கூடாது. அதை நர்சிடம் சொல்.

அக்கா

ஜூலை 3

அக்கா,

உயிரோட இருக்கா. ரெண்டு உயிரும் இருக்கு. அதை முதல்ல எழுதிட்டேன். போன்ல உன்கிட்ட நாலு வார்த்தைக்கு மேல பேச முடியல, அழுகை வந்துடுச்சு. இப்ப வார்டுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து எழுதுறேன்.

உன் கடிதம் இருபத்தொம்பதாம் தேதி சாயங்காலம் கிடைச்சுது. மறுநாள் அரை நாள் லீவு சொல்லிட்டு அவ வீட்டுக்குப் போறதா இருந்தேன். காலையில ஒரு கட்டடத்துல லிப்ட் நடுவுல நின்னு ரெண்டு பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்க. அவங்களை இறக்கிட்டுக் கையைத் துடைக்கிறேன், மாப்பிள்ளை போன் பண்றார். “மாமா, படியிலேயே உக்காந்துட்டா. இருமினா. கர்ச்சீப் பூரா ரத்தம்.” மூக்கு ரத்தமான்னு கேட்டேன். “இல்ல மாமா, இருமல்ல”ன்னார். அந்த மனுஷன் குரல் உயர்ந்து அன்னைக்குத்தான் கேட்டேன்.

நான் போறப்போ அவசரப் பிரிவுல ஸ்ட்ரெச்சர்ல படுக்க வெச்சு மூக்குல மாஸ்க் போட்டிருந்தாங்க. மாப்பிள்ளை, சம்பந்தியம்மா, ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. டாக்டரம்மா சொல்றாங்க: “கர்ப்பத்துல இப்படி வந்தா நுரையீரல்ல ரத்தக் கட்டி அடைச்சிருக்கலாம். ரத்தம் உறையாம இருக்க ஊசியை ஆரம்பிச்சிடறோம், அப்புறம் ஸ்கேன்.” நர்சு டிரேயைக் கொண்டு வந்துட்டாங்க. நான் ஊசியைப் பாக்கிறேன். அந்த மூணு எழுத்து என் வாயில வரவே இல்ல அக்கா. காலையிலேர்ந்து பஸ்ல மனப்பாடம் பண்ணினது. “வேண்டாம், போடாதீங்க”ன்னு மட்டும் கத்தினேன். ஏன்னு எல்லாரும் என்னையே பாக்கிறாங்க. பையிலேர்ந்து தாளை எடுத்தேன். டாக்டர் தாள் மேல இருக்கும்னு நினைச்சேன். மத்தது வந்துடுச்சு. எனக்குக் கண்ணு தெரியல, எது கையில வந்துச்சோ அதை சத்தமாப் படிச்சேன்.

“வாலு, நம்ம குடும்பத்துல எச்.எச்.டி.ன்னு ஒரு ரத்தக் குழாய்க் கோளாறு இருக்கு.”

கடைசி வரைக்கும் படிச்சேன். அது தப்புங்கிறதையும் சேத்து. டாக்டரம்மா “யாருங்க வாலு?”ன்னு கேட்டாங்க. நான் கையைக் காட்டினேன். அவ மாஸ்க்கை ஒரு கையால தூக்கிட்டு என்னைப் பாத்தா. “மூணு வருஷமாவா?”ன்னா. வேற ஒண்ணும் கேக்கல. மாஸ்க்கைத் திரும்பப் போட்டுக்கிட்டா.

டாக்டரம்மா என் கையிலேர்ந்து ரெண்டு தாளையும் பிடுங்கிப் படிச்சாங்க. ஊசியைத் திருப்பி அனுப்பினாங்க. அப்புறம் எல்லாம் வேகமா நடந்துச்சு. ஸ்கேன்ல ரெண்டு இடத்துல ஊதியிருந்தது, ஒண்ணு கசிஞ்சிருந்தது. வேற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போனாங்க. ஆம்புலன்ஸ்ல நான் சலைன் குழாயையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஒரு குமிழி, சின்னது, கடுகளவுதான், இறங்கி வந்துச்சு. நர்சுகிட்ட காட்டினேன். அந்தப் பொண்ணு என்னைப் பைத்தியம்னு நினைச்சிருக்கும். ஆனா குழாயைக் கழட்டித் தட்டி எடுத்துட்டு மாட்டிச்சு. நேத்து கம்பிச்சுருள் வெச்சுட்டாங்க. பிள்ளைக்கு இதயத் துடிப்பு நல்லா இருக்கு.

சம்பந்தியம்மா நடையில வெச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. “கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமா?” தெரியும்னேன். அதுக்கப்புறம் என்கிட்ட பேசல. ஆனா மூணு நாளா வார்டை விட்டு நகரல, அவளுக்குத் தலை துடைச்சு விடறதெல்லாம் அவங்கதான்.

நான் ஜன்னல் வழியாத்தான் பாக்கிறேன். உள்ள வர வேண்டாம்னு சொல்லிட்டா.

தம்பி

ஜூலை 9

தம்பிக்கு,

சனிக்கிழமை வந்திருந்தேன். நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய் என்றார்கள். நர்ஸ் உள்ளே போய் “உங்க அத்தை” என்று சொல்வது எனக்குக் கேட்டது. திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல், “தூங்கறாங்க” என்றாள். தூங்கவில்லை. கதவு இடுக்கில் அவள் கால் அசைவது தெரிந்தது.

உனக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று தோன்றியது. அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

நீ பயத்தில் மறைத்தாய். எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது. என்ன ஆகும் என்று தெரிந்தே, உனக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லிக்கொண்டு சும்மா இருந்தேன். உன்னோடு சண்டை போட்டதே பெரிய நியாயம் மாதிரி இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். சண்டை போட்டது உன்னோடு. சொல்லியிருக்க வேண்டியது அவளிடம்.

அக்கா

ஆகஸ்ட் 17

அக்கா,

வாலுவை அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயாச்சு. உதடு சிவந்திருக்கு. விரல்ல ஒரு கிளிப் மாட்டிப் பாக்கிறாங்களே, அது தொண்ணூத்தாறு காட்டுது. முன்னாடி எண்பத்தி நாலு இருந்ததாம். மூணு மாடியும் நிக்காம ஏறுறாளாம், மாப்பிள்ளை சொன்னார். அவ சொல்லல.

நான் வாரா வாரம் போறேன். பழம் கொண்டு போயி வாசல்லயே மாப்பிள்ளைகிட்ட குடுத்துட்டு வந்துடறேன். போன வாரம் அவளே கதவைத் திறந்தா. “அந்தப் பழைய ரிசல்ட் பேப்பர் எங்க?”ன்னு கேட்டா. வீட்ல டூல்ஸ் பெட்டி அடியில இருக்குன்னேன். “கொண்டு வாங்க”ன்னா. மறுநாளே கொண்டு போயிக் குடுத்தேன். கிரீஸ் கறை பட்டிருந்தது. அவ பேரு இருக்கிற இடத்தை விரலால தொட்டுப் பாத்தா. தேதியைப் பாத்தா. “அன்னைக்கு எனக்கு இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் குடுத்தீங்க”ன்னா. கதவைச் சாத்திட்டா. படார்னு சாத்தியிருந்தாக் கூடத் தேவலை. மெதுவாச் சாத்தினா.

அத்தை அட்ரஸ் வேணும்னு மாப்பிள்ளை கேட்டார். குடுத்திருக்கேன். வந்தா வாங்கிக் கட்டிக்கோ.

தம்பி

அக்டோபர் 6

தம்பிக்கு,

வந்தாள். சொல்லாமல் வந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வக வாசலில் காவலாளி கூப்பிடுகிறார் என்று போனால், ஒன்பதாவது மாத வயிற்றோடு நிற்கிறாள். கூட மாப்பிள்ளை. அவர் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டார்.

“நீங்க என்ன வேலை செய்யறீங்கன்னு காட்டுங்க” என்றாள். நீங்க என்றாள். சின்ன வயதிலிருந்து என்னை நீ என்று கூப்பிட்டவள்.

மேலங்கி போட்டுவிட்டு உள்ளே கூட்டிப்போனேன். பட்டன் போட முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டோம். மைக்ராஸ்கோப்பில் இரண்டு தட்டையும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினேன். புரதம் என்ன செய்யும், காரணி எங்கே வந்து ஒட்டும், எங்கே சேதி தவறிப்போகும் எல்லாம் கேட்டாள். நீ கேட்டதை விட நன்றாகக் கேட்டாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆய்வாளர் ஒருவர், மாணவியா என்று என்னிடம் கேட்டார். “நோயாளி” என்று அவளே சொன்னாள்.

அப்புறம் கை கழுவும் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டாள்: “இவ்வளவு நல்லாச் சொல்லத் தெரியுதே, எனக்கு ஏன் சொல்லல?”

உன் அப்பாவுக்குச் சத்தியம் செய்தேன் என்று ஆரம்பித்தேன். என் காதுக்கே கேவலமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

“நீங்களும் அப்பாவும் என்னைப் பத்தி மாத்தி மாத்தி லெட்டர் எழுதிக்கிட்டீங்களாமே, அன்னைக்கு அவர் படிச்சது கூட அதுதானாமே. எனக்கு ஒண்ணு கூட வரலையே?” என்றாள்.

தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள்தான் மூடினாள்.

போகும்போது ஒன்று சொன்னாள். பிரசவத்திலேயே தொப்புள்கொடி ரத்தம் எடுத்துப் பிள்ளைக்குப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறாள். முடிவு அவள் கைக்கு வரும். அவள் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நம் இரண்டு பேரில் ஒருவரும் கேட்கக் கூடாது. சரி என்றேன். “அப்பாகிட்டயும் சொல்லிடுங்க” என்றாள். சொல்லிவிட்டேன்.

நீ இன்னும் உன் நுரையீரலைப் பார்த்துக்கொள்ளவில்லை. குத்துக்கல் என்று எழுதினாயே, அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். போ.

அக்கா

டிசம்பர் 12

அக்கா,

பேத்தி பொறந்ததை மாப்பிள்ளை உனக்குப் போன்ல சொன்னாராம். ரெண்டே முக்கால் கிலோ. பிரசவம் அறுவை இல்லாமலே ஆச்சு. பக்கத்துலேயே நுரையீரல் டாக்டரையும் நிறுத்தி வெச்சிருந்தாங்க. நான் மூணாவது நாள்தான் பாத்தேன், கண்ணாடிக்கு வெளிய நின்னு. வாய் அப்படியே வாலு மாதிரி.

நீ சொன்னபடி ஸ்கேன் எடுத்தேன். திங்கட்கிழமை ரிப்போர்ட் குடுத்தாங்க, ஒட்டின கவர்ல. பிரிக்கல. உனக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லலாம்னு முதல்ல தோணுச்சு, எப்பவும் அப்படித்தானே. தபால் பெட்டி வரைக்கும் போனேன். அங்கேர்ந்து திரும்பி நேரா அவ வீட்டுக்குப் போயிட்டேன்.

அவதான் கதவைத் திறந்தா, தோள்ல பிள்ளை. கவரை நீட்டினேன். “என் நுரையீரல். நான் இன்னும் பாக்கல. அத்தைக்கும் தெரியாது. நீதான் முதல்ல பாக்கணும்”னேன். கொஞ்ச நேரம் கவரையே பாத்தா. அப்புறம் பிள்ளையை என் கையில குடுத்தா. கவரைப் பிரிக்கிறதுக்கு ரெண்டு கை வேணும்ல, அதுக்காகத்தான் குடுத்தா, வேற ஒண்ணும் இல்ல. நான் வாசற்படியில அசையாம நின்னேன். கனமே இல்லக்கா. தூக்கத்துல உதட்டைச் சப்புக் கொட்டிட்டு இருந்துச்சு.

நின்னுட்டே முழுசும் படிச்சா. ரெண்டாவது பக்கத்தைத் திருப்பி மறுபடி படிச்சா. “மூணு இருக்குப்பா. ஒண்ணு பெருசு. எனக்கு வெச்சாங்களே, அந்தச் சுருள், அது வெச்சே ஆகணும்”னா.

அப்பான்னு சொன்னாளா, இல்ல வாய் தவறி வந்துச்சான்னு தெரியல. ஜூன் மாசத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. நான் கேக்கல.

வியாழக்கிழமை எனக்குச் சுருள் வைக்கிறாங்க. கூட இருக்கிறவர் பேருன்னு பாரத்துல கேட்டிருந்தாங்க. உன் பேரைப் போட்டிருக்கேன். புதன்கிழமையே வந்துடு.

ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கும்போது அவளுக்குப் பின்னாடி மேசை மேல இன்னொரு கவர் இருந்தது, அதே மாதிரி நீளக் கவர், பரிசோதனைக்கூட முத்திரை போட்டது. பிரிச்சிருந்தது. நான் பாத்ததை அவளும் பாத்தா. பிள்ளையை என் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டா. அவ முகத்துலேர்ந்து எனக்கு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல.

நான் கேக்கல. நீயும் வந்து கேக்காதே.

தம்பி